பழைய கருவியும் பராமரிப்போன் அறமும்

பழையதொன்றைக் காத்தல் அறமா, அகற்றுதல் அறமா என்னும் வினா புதியதன்று. வீட்டையும் வழக்கத்தையும் குறித்து நம்மவர் நெடுங்காலமாக எழுப்பிவந்த அவ்வினாவை இன்று கணனியைக் குறித்தும் எழுப்பவேண்டியுள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1971ஆம் ஆண்டில் 3270 என்னும் முனையத் தொகுதியையும், 1974இல் எஸ்.என்.ஏ. என்னும் வலையமைப்பு முறையையும் அறிமுகஞ் செய்தது. அம்முறையில் கணிப்பும் பதிவும் தலைமைக் கந்தோரிலுள்ள பெருங்கணனிக்கே உரியவை. கிளைக் கந்தோரின் முனையம், வழக்கமாக 24 வரிகளில், வரிக்கு 80 எழுத்தாக, 1,920 எழுத்துக்களைக் காட்டும், எழுதுவினைஞர் நிரப்பியவற்றை விசையழுத்தியதும் அனுப்பும், அவ்வளவே. 1981இல் தனியாள் கணனி வெளிவந்தபின், முனையங்கள் இருந்த மேசைகளில் அது படிப்படியாக இடம்பிடித்தது. ஆயினும் பெருங்கணனி அதனையும் பழைய முனையமாகவே கருதியது. முனையம்போல் நடிக்கும் மென்பொருளொன்று அவ்வாறு நம்பச் செய்தது.

இந்நடிப்பே பராமரிப்போனின் சுமையைப் பெருக்கிற்று. கணனிக்குச் சொந்த வட்டு உண்டு, இயக்கு மென்பொருள் உண்டு, ஆதலாற் சொந்தப் பிழைகளும் உண்டு. ஓஎஸ்/2 இயக்கு மென்பொருளுக்கான ஆதரவை ஐ.பி.எம். 2006ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தியது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிவுற்றது. ஆக்கியோன் கைவிட்ட பின்னரும் மேசையில் இயங்கும் கருவிக்கு யார் பொறுப்பு?

வெள்ளவத்தையில் வாழும் என் தாய்மாமன், ஒரு நிறுவனத்தில் இத்தகைய கருவிகளை ஓய்வுபெறும்வரை பேணியவர். அவற்றை எறிந்துவிட்டுப் புதியனவற்றை வாங்கியிருக்கலாகாதா என்று அவரை ஒருமுறை வினவினேன். அவர் கொட்டாஞ்சேனைக் கிளையில் நிகழ்ந்ததொன்றைக் கூறினார். அங்கு ஒரு பகுதிக்கிருந்த ஒரே கணனி பழுதுற்றது. பெருங்கணனியின் அட்டவணையில் அதற்குரிய பெயர் யாதென எவரும் குறித்துவைக்கவில்லை. மாற்றுக் கணனியை இணைக்க இரண்டு நாள்கள் சென்றன. அவ்விரு நாள்களும் முதியவரொருவர் வாங்கில் காத்திருந்தார். 1983 யூலையில் வீட்டோடு அவருடைய பத்திரங்களும் எரிந்துபோயின. அவரது சேவைக்காலத்துக்கு எஞ்சிய சான்று பெருங்கணனியிலிருந்த பதிவு மாத்திரமே.

“மெசின் பழசெண்டது பிழையில்லைத் தம்பி. எழுதி வைக்காததுதான் பிழை. எழுதியிருக்க வேண்டியவன் நான்” என்றார் மாமா.

இவ்வுண்மையைப் பேரளவிற் காட்டியது 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய ‘வனாகிரை’த் தாக்குதல். இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் ஆயிரக்கணக்கான நோயாளரின் சந்திப்புகள் இரத்தாயின. ஆனால் அங்கு தொற்றுக்குள்ளான கணனிகளிற் பெரும்பாலானவை கைவிடப்பட்ட எக்ஸ்பியில் இயங்கியவையல்ல. அன்று ஆதரவு நீடித்திருந்த விண்டோஸ் 7இல் இயங்கியவை. இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியான திருத்தம் அவற்றில் இடப்படாதிருந்தது. முதுமையன்று, கவனியாமையே அங்கு குற்றமாயிற்று.

அவ்வாறாயின் பழையதை என்றென்றும் வைத்திருக்கலாமோ எனின், அதுவும் பொருந்தாது. திருத்தம் வராத கருவியை வெளி வலையமைப்பிலிருந்து பிரித்துவைத்தல், அதன் அமைப்பை எழுதிவைத்தல், மாற்றுக் கருவியை ஆயத்தமாக வைத்திருத்தல் ஆகியன பராமரிப்போன் கடமைகள். இவற்றினும் பெரியது, இதற்கு மேல் காக்கவியலாது என்ற நிலை வரும்போது அதனை மேலாளருக்கு எடுத்துரைத்தலாகும். ‘ஓடுகிறதுதானே’ என்று வாளாவிருத்தல் பொய்யுரைத்தலுக்கு ஒப்பானது. எடுத்துரைத்ததைக் கேட்டுப் பணம் ஒதுக்காத மேலாளருக்கும் அப்பொய்யிற் பங்குண்டு.

கருவிக்கு நாம் கடமைப்பட்டவர்களல்லர். புதியதை வாங்குவதா, பழையதைத் தொடர்வதா என்று தீர்மானிப்போர் ஓரறையில் இருக்கின்றனர். அத்தீர்மானம் பிழைத்தால் துன்புறுவோர் வாங்கில் இருக்கின்றனர். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. கேட்கப்படாத அம்மனிதரை மனத்திலிருத்திச் செய்யும் பணி, காத்தலாயினும் அகற்றுதலாயினும், அறமேயாகும். அவரை மறந்து செய்யும்போது புதுமையும் நம்மைக் காவாது.