யாருடைய தொண்ணூறுகள்?

தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. சக்திமான், வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ராணி காமிக்ஸ், சிறுவர் மலர், சிக்கிக்கொண்ட ஆடியோ கேசட்டைப் பென்சில் விட்டுச் சுற்றியது, டிவியில் மாட்டி ஆடிய மரியோ, நோக்கியா போனில் ஓடிய பாம்பு. யாராவது ஒருவர் இதைப் புதிதுபோல எழுதிக்கொண்டே இருக்கிறார். "இதெல்லாம் தெரிஞ்சா நீயும் 90ஸ் கிட்" என்று முடிக்கிறார். படிக்கையில் எனக்கும் மனசு இளகத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. அதே வருடத்தில் பிறந்து, இதில் எதையுமே பார்க்காமல் வளர்ந்தவன் எந்தத் தலைமுறை?

ஏக்கம் தப்பு என்று சொல்ல வரவில்லை. அதற்கு நெடிய வரலாறு உண்டு. 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்து வாடும் சுவிஸ் நாட்டவர்களைப் பற்றி எழுதிய ஆய்வேட்டில்தான் 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லே பிறந்தது. வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து அவர் அதற்கு நோய்ப்பெயர் சூட்டினார். நம்மிடம் அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய சாட்சி இருக்கிறது. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் கோலூன்றிய ஒரு கிழவர், மருத மரக்கிளையிலிருந்து ஆழ்ந்த மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்த தன் இளமையை நினைத்துக்கொள்கிறார்.

அவருக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவருக்குப் போனது உடம்பின் வலு. மடு அங்கேயே இருக்கிறது. வேறு பையன்கள் அதில் குதித்துக்கொண்டிருப்பார்கள். நமக்கோ மடுவே பத்து வருடத்துக்கு ஒருமுறை வற்றிப்போகிறது. ராணி காமிக்ஸ் நின்றுவிட்டது. 2013 ஜூலையில் தந்தி நின்றது. முதுமை வரும் முன்பே, முப்பது வயதிலேயே நாம் கிழவர்களாகப் பேசுவதற்கு இது ஒரு காரணம்.

சரி, மடுவைத் திரும்பத் தோண்டிவிட முடியாதா? முடியும், அதுதான் என் தொழில். சூப்பர் மரியோ பிரதர்ஸின் மொத்த அளவு 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது. எமுலேட்டர் போட்டால் அதே இசை, அதே காளான், அதே குழாய். பத்து நிமிடத்தில் அலுத்துவிடுகிறது. அடுத்த ஆட்டத்துக்குப் பின்னாலிருந்து நச்சரித்த சித்தி பையன் அந்த 40 கிலோபைட்டில் இல்லை. நாம் ஏங்குவது பொருளுக்காக இல்லை. அது அரிதாக இருந்ததற்காக. ஒரு வாரம் காத்திருந்தோம் என்பதற்காக.

இங்கேதான் ஒரு கணக்கு இடிக்கிறது. காத்திருப்பு என்றால், வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வெள்ளி வரும், அடுத்த இதழ் கடைக்கு வரும். வராது என்றே தெரிந்தால் அதன் பெயர் இல்லாமை. இரண்டும் ஒன்றல்ல. நம் பட்டியல்கள் முதலாவதைப் பாடும்போது இரண்டாவதையும் சேர்த்து இனிக்க வைத்துவிடுகின்றன. "ஒண்ணுமே இல்லாம எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்" என்கிறோம். நமக்கு ஒன்றுமே இல்லாமல் இல்லை.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் கொல்லிமலைக்காரன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் மலை. அங்கே ஊர்களை நாடு நாடாகச் சொல்வார்கள்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு. இவன் திருப்புலி நாடு. ஒருநாள் அறையில் சக்திமான் பேச்சு களைகட்டியபோது அவன் சும்மாவே இருந்தான்.

"டேய், நீ பாத்ததே இல்லையா?"

"எங்க வீட்டுக்கு டிவி வந்ததே நான் காலேஜ் சேந்த பெறகுதான்டா. கவர்மெண்டு குடுத்தது."

"அப்ப பொழுது எப்பிடிடா போச்சு?"

"போச்சு. சாமைக் காட்டுல குருவி ஓட்டுவோம். பலாக்கொட்ட சுட்டுத் திம்போம். போகாம என்ன?"

அவன் குரலில் குறையும் இல்லை, பெருமையும் இல்லை. கேட்ட கேள்வியில்தான் கோணல் இருந்தது. எங்கள் பட்டியல்தான் பால்யம், அது இல்லாத இடத்தில் வெற்றிடம் என்று அந்தக் கேள்வி முன்கூட்டியே முடிவுசெய்திருந்தது.

இது வெறும் மனத்தாங்கல் சமாச்சாரம் இல்லை. எது காப்பாற்றப்பட வேண்டும் என்பதையும் ஏக்கமே தீர்மானிக்கிறது. இரும்புக்கை மாயாவிக்கு மறுபதிப்பு வந்தது, வாங்க ஆள் இருந்ததால். 3310 மாடலை நோக்கியா 2017இல் திரும்பக் கொண்டுவந்தது, அதே காரணத்தால். கையில் காசுள்ளவரின் பால்யத்துக்குச் சந்தை உண்டு. குருவி ஓட்டியவனின் பால்யத்துக்கு? கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த காடுகள் பலவற்றில் மரவள்ளி ஏறியது. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் அதற்குக் காசு கொடுத்தன. கேசட் போனதற்குக் கட்டுரை எழுதுகிறோம். சாமை போனதை 'மாற்றுப் பயிர்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம்.

உடனே மறுபக்கம் சாய்ந்து மலையைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. சாமை சின்னஞ்சிறு மணி, உமி விடாமல் ஒட்டியிருக்கும். அதை உரலில் போட்டுக் குத்தியது பெண்களின் கை. சாமை குறைந்ததற்கு மரவள்ளிக் காசு மட்டும் காரணமில்லை, இந்தக் கைவலியும் காரணம். "அந்தக் காலச் சாப்பாடு" என்று நாம் உருகும்போது உலக்கை யார் கையில் இருந்தது என்பது மறந்துபோகிறது.

கொல்லிமலையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. தொண்ணூறுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானிய வேலையில் இறங்கியது. விதை வங்கிகள் வந்தன, உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன. பழைய தானியத்துக்குத் திரும்ப உயிர் கொடுத்ததில் ஒரு புதிய இயந்திரத்துக்கும் பங்கு உண்டு. பழையதை அப்படியே வைத்திருந்தால் அது உலக்கையோடு சேர்ந்து போயிருக்கும். அதன் வலியை எடுத்துவிட்டதால்தான் அது வாழக்கூடியதாக ஆனது.

ஏக்கத்துக்கு ஒரு அறம் உண்டென்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன். நினைத்துக்கொள்வதில் குற்றமில்லை. சொந்த நினைவை எழுதுகிறவர் உலகத்தில் எல்லோருடையதையும் எழுதவேண்டிய கடமையும் இல்லை. ஆனால் 'நான்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நாம்' என்று எழுதினால், அந்த 'நாம்' யார் யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு இன்னொரு கேள்வி: நான் திரும்ப வேண்டும் என்று ஆசைப்படும் அந்தக் காலத்தின் சுமை யார் தோளில் இருந்தது? இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகும் மிஞ்சுகிற ஏக்கத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

என் போன்றவர்கள் எழுதும் நிரல்கள் அடுத்த மடுக்களை வற்றவைத்துக்கொண்டேதான் இருக்கும். இன்றைய ஒரு செயலிக்காக 2045இல் யாரோ உருகி எழுதுவார்கள். அந்தப் பட்டியலும் "இதெல்லாம் தெரிஞ்சா" என்றுதான் முடியும். தெரியாதவர் அப்போதும் இருப்பார். அவரிடம் "அப்ப பொழுது எப்பிடிப் போச்சு?" என்று கேட்காமல், "உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்கலாம். ஒரு சொல் மாற்றம்தான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல அவருக்கும் இடம் இருக்கும்.