எதிர்ப்பின் விலையை யார் கொடுப்பது?

ஒடுக்குமுறையை எதிர்ப்பது கடமை என்பதில் எம்மவரிடையே கருத்து வேறுபாடில்லை. எப்படி எதிர்ப்பது என்று வரும்போதுதான், ஆயுதமா அஹிம்சையா என்று இரு அணிகளாகப் பிரிந்துவிடுகிறோம். ஒரே காலத்தில் போராடிய இரண்டு முஸ்லிம்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அதைவிடக் கடினமான கேள்வியொன்று எஞ்சுகிறது.

லிபியாவின் உமர் முக்தார் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர், ஸனூஸி இயக்கத்தவர். 1911இல் இத்தாலி படையெடுத்த பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதனை எதிர்த்து நின்றார். அவரை அடக்க முடியாத ஜெனரல் கிராசியானி, 1930இல் சுமார் ஒரு இலட்சம் நாடோடி மக்களைப் பெயர்த்து முட்கம்பி முகாம்களில் அடைத்தார். பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டனர். 1931 செப்டம்பர் 16ஆம் திகதி, முகாம் மக்கள் பார்த்திருக்க, சுலூக்கில் அம்முதியவர் தூக்கிலிடப்பட்டார்.

பெஷாவர்ப் பகுதியின் கான் அப்துல் கப்பார் கானும் பள்ளிக்கூடம் அமைத்துத் தொடங்கியவரே. பழிக்குப் பழியை மானமெனக் கருதிய பட்டாணியரிடம், பழிவாங்க மாட்டேன் என்று ஆளாளுக்குச் சத்தியம் வாங்கி 'குதாயி கித்மத்கார்' இயக்கத்தில் சேர்த்தார். இது புதிய தத்துவமன்று, மக்காவில் நபிகளார் காட்டிய ஸப்ர்தான் என்பது அவர் வாதம். 1930 ஏப்ரல் 23இல் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் நிராயுதபாணிகள் மீது பிரித்தானியப் படை சுட்டது. ஆங்கிலேயனுக்கு மனச்சாட்சி இருந்ததால்தான் அஹிம்சை பலித்தது என்பார்கள். அன்று அதைக் காணோம். மனச்சாட்சி இருந்தது, சுட மறுத்துச் சிறை சென்ற கர்வாலிச் சிப்பாய்களிடம்தான். அவர்கள் இந்துக்கள். 1948 ஓகஸ்டில் பாப்ராவில் இதே இயக்கத்தவர் மீது சுட்டதோ சுதந்திர பாகிஸ்தானின் பொலிஸார்!

ஆக, ஆயுதம் ஏந்தாதவனுக்கும் உயிர்ப் பாதுகாப்பில்லை. வேறுபாடு இன்னோரிடத்தில் இருக்கிறது. கித்மத்கார் தனக்கு வரப்போவதை அறிந்து, தானே சத்தியம் செய்து தெருவுக்கு வந்தவன். முகாமில் பட்டினி கிடந்த குழந்தை எந்தச் சத்தியமும் செய்யவில்லை.

இதைச் சொல்லி உமர் முக்தாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கிராசியானிக்குச் செய்யும் உதவி. முகாமை அமைத்தவனே முகாமுக்குப் பொறுப்பு. மேலும், அந்த மக்கள் வெறும் பார்வையாளர்களல்லர். தானியமும் குதிரையும் தம் பிள்ளைகளையும் இரகசியமாகக் கொடுத்து அப்போரைத் தாங்கியவர்கள் அவர்களே. அதனால்தான் அவர்களை அடைத்தார்கள். எனினும், கொடுத்த கோத்திரத் தலைவனின் சம்மதம் அவன் கூடாரத்திலிருந்த எல்லோருடைய சம்மதமும் ஆகுமா? போராட்ட வரலாறுகளை எழுதும் நாம் தலைவர்களின் இறுதி வார்த்தைகளைத் தேடும் அளவுக்கு இதைத் தேடுவதில்லை.