புகைப்பற்றும் வாசனாமலமும்

சிவகாசியில் 1923-ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர்; பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் அங்கே பெருகிற்று. பட்டாசு ஆலையுள் புகைத்தல் விலக்கப்பட்டதாகலின், தொழிலாளர் பீடியையும் தீப்பெட்டியையும் புறத்தே வைத்தே உட்புகுதல் வேண்டும். புகையாது ஒரு நாழிகையும் தரியேம் என்பார்க்கு அவ்வாலையே தக்க விடையாம். பகலெல்லாம் பொறுக்கப்பட்டது மாலையில் பொறுத்தற்கு அரிதாமோ? எனினும், வாயில் கடந்தவுடன் பீடி பற்றவைப்பாரும் உளர். அஃது என்னை?

அச்சம் செயலைத் தடுக்கும், பற்றை அறுக்காது. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது. புகையைச் சார்ந்த நெஞ்சு, அதனை விடுத்த பின்னும், பெருங்காயம் இருந்த கலம்போல அதன் வாசனையை உடைத்தாயிருக்கும். நிக்கோட்டின் என்னும் நஞ்சிற் பழகிய உடல், அதனை விட்ட முதற் சில நாள் மிக வருந்தும் என்றும், எழும் வேட்கை ஒவ்வொன்றும் சில நிமிடமே நின்று தணியும் என்றும் மருத்துவர் கூறுவர். அச்சிறு பொழுதை வெறிதே விடலாகாது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரத்தில் வாசனை நீங்குதற்குத் திருவைந்தெழுத்தை ஓதுமாறு விதித்தருளினார். வேட்கை எழுந்தோறும் அதனை ஓதுக. ஒருகால் தவறிப் புகைப்பினும் ஓதுதலை விடற்க.

வெடிமருந்திற்கு அஞ்சி விட்டவன் ஆலையுள் மட்டுமே விட்டவன். திருவடியைப் பற்றி விட்டவனே எங்கும் விட்டவனாவான்.