எழுதாமல் விட்ட மருந்துச்சீட்டு

புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டால் அந்த வலிக்குப் பாராசிட்டமால் கேட்காது. மார்ஃபின் கேட்கும். 10 மில்லிகிராம் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. மலம் கட்டிக்கொள்ளாமல் இருக்க உடன் ஒரு மலமிளக்கி. விலை அதிகமில்லை. அதன் மூலப்பொருளான அபினையோ மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு நாமே விளைவிக்கிறோம். அப்படியிருந்தும் அந்த மாத்திரை கிடைக்காமல் எத்தனையோ பேர் துடித்தே இறந்தார்கள்.

1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டுச் சிறை என்றது. மருத்துவத்துக்கு அதில் இடம் இருந்தது. ஆனால் பல மாநிலங்களில் நான்கைந்து உரிமங்களை வெவ்வேறு துறைகளில் வாங்க வேண்டியிருந்தது. கடைசி உரிமம் வருவதற்குள் முதலாவது காலாவதியாகிவிடும். பல மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. அந்த மாத்திரையைக் கையால் தொடாமலே ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்து முடித்தார்கள்.

யாரோ ஒருவர் அடிமையாகிவிடுவார் என்று அஞ்சி, கண்முன்னே துடிப்பவருக்கு மருந்தை மறுக்கலாமா?

அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவில் 1996-இல் ஆக்சிகான்டின் என்ற வலிமருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பர்டூ நிறுவனம், அதன் அடிமைப்படுத்தும் தன்மையைக் குறைத்துக் காட்டியதை 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அங்கே 2021-இல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அளவுக்கு மீறிய போதைப்பொருளால் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வந்த ஃபென்டனில் என்ற மருந்தால். ஆனால் கெடுபிடி வந்தபோது அங்கும் நோயாளியே அடிபட்டார். வலிமருந்து எழுதுவது பற்றி 2016-இல் வந்த வழிகாட்டுதலைப் பலர் கறாரான உச்சவரம்பாக எடுத்துக்கொண்டு, நெடுநாள் நோயாளிகளின் மருந்தைச் சட்டென வெட்டினார்கள். 2022-இல் அதைத் திருத்த வேண்டியிருந்தது.

தவறாக எழுதிய சீட்டுக்குச் சாட்சி உண்டு: கையெழுத்து, தேதி, பதிவேடு. எழுதாமல் விட்ட சீட்டுக்கு எதுவும் இல்லை. அதற்காக ஒரு மருத்துவர்மீது வழக்கு வருவது அரிது. இரவெல்லாம் கேட்ட அலறல் எந்தக் கோப்பிலும் ஏறாது. ஒரு பக்கத் தவறை மட்டுமே தண்டிக்கும் சட்டம் மருத்துவரை மறு பக்கத்துக்குத் தள்ளியே தீரும். இப்படி மருந்தை மறுப்பதை முன்னெச்சரிக்கை என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

போதைக்கு அடிமைப்பட்டவருக்கும் இதே கதிதான். தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது நம் 1985 சட்டத்தின் 64ஏ பிரிவு. சிகிச்சையை முடிக்காவிட்டால் அந்த விலக்கைப் பறிக்கலாம். விட்டதைத் திரும்பத் தொடுவது இந்த நோயின் இயல்பு என்று மருத்துவம் சொல்கிறது. அந்தச் சிகிச்சைக்கான பியூப்ரெனார்ஃபின் மாத்திரை நாக்கின் அடியில் கரையும் வரை ஊழியர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் நெடுங்காலம் நாள்தோறும் மையத்துக்கு வர வேண்டியிருந்தது. கூலி வேலைக்காரர் எத்தனை நாள் வருவார்? இடையில் நின்றவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது அறமாகாது.

மார்ஃபினைப் பொறுத்தவரை 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. அத்தியாவசியப் போதை மருந்துகள் என ஒரு வகை வந்தது. பல உரிமங்களின் இடத்தில் ஒரே அனுமதி போதும் என்றானது. கோழிக்கோட்டில் 1993-லேயே தொடங்கிய வலி நிவாரண இயக்கம், ஒழுங்காகக் கணக்கு வைத்து வீட்டுக்கே மார்ஃபின் கொடுக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. தயக்கத்துக்கு இனிச் சட்டத்தைக் காரணம் சொல்ல முடியாது.

வீட்டில் அப்படி வலியோடு ஒருவர் படுத்திருந்தால், மார்ஃபின் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றால், எங்கே கிடைக்கும் என்றும் கேளுங்கள்.