மலிவு என்றால் மட்டமா?

ஒரே நோய். இரண்டு குழந்தைகள். ஒன்றுக்குப் பொருத்தப்படும் கருவியின் விலை 650 டாலர். இன்னொன்றுக்கு 35 டாலர். முதல் குழந்தை இருப்பது அமெரிக்காவில். இரண்டாவது, ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டாவில். இது நியாயமா?

'அநியாயம்!' என்றுதான் சட்டென்று வாயில் வரும். உயிருக்கு உயிர் சமம்தானே, கருவியில் மட்டும் என்ன பாரபட்சம்? நல்ல கோபம்தான். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். முழுசாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.

நம் எல்லோருடைய மூளைக்குள்ளும் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, வடிந்துகொண்டே இருக்கிறது. வடியும் வழி அடைபட்டால் நீர் தேங்கிவிடும். பச்சைக் குழந்தையின் மண்டை ஓடு இன்னும் இறுகாமல் இருப்பதால், தலை பெருத்துக்கொண்டே போகும். ஹைட்ரோகெஃபலஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் பார்வை போகலாம், மூளை வளர்ச்சி கெடலாம், உயிரே போகலாம்.

பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்க மூளை அறுவை நிபுணர், 2000ல் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உகாண்டா போனார். கிழக்குப் பக்கம், எல்கான் மலை அடிவாரத்தில் ம்பாலே என்று ஓர் ஊர். அங்கே 'க்யூர்' என்ற கிறிஸ்துவத் தொண்டு நிறுவனம் குழந்தைகளுக்கான மருத்துவமனையை 2001ல் திறந்தது. பெருத்த தலையோடு வந்த குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு நோய் பிறவியிலேயே வந்ததல்ல. பிறந்த பிறகு, பெரும்பாலும் முதல் மாதத்திலேயே தாக்கிய தொற்றின் பின்விளைவு என்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

இதற்கு வழக்கமான வைத்தியம் 'ஷன்ட்'. மூளையிலிருந்து வயிறு வரை, தோலுக்கு அடியிலேயே ஒரு மெல்லிய குழாய். தேங்கும் நீர் அதன் வழியே வயிற்றுக்கு இறங்கிவிடும். அருமையான கருவி. ஒரே ஒரு கோளாறு, அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவிலேயே இரண்டு வருடங்களுக்குள் பாதிக்கு அருகில் பழுதாகிவிடும். சிகாகோவில் பழுதானால் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். உகாண்டாவின் ஏதோ ஒரு மூலையில் பழுதானால்? பஸ் காசைப் புரட்டி, ம்பாலே வந்து சேர்வதற்குள் குழந்தை இருக்குமா?

பி.காம். படித்தவர்களுக்கு இது பழகிய பாடம். வாங்கும் விலை வேறு, வைத்துப் பராமரிக்கும் செலவு வேறு. யானையை இனாமாகக் கொடுப்பது பெரிய விஷயமில்லை. தீனிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால்தான் தானம் கொடுத்தவர் முகம் மாறும்.

வார்ஃப் செய்தது இதுதான். இந்தியாவில், உத்தரப் பிரதேசத்து ஷாஜஹான்பூரில் தயாராகும் 'சாப்ரா' ஷன்ட்டின் விலை அப்போது 35 டாலர். மேல்நாட்டு ஷன்ட் 650. ஏழைக் குழந்தைகள்தானே, மலிவானதே போதும் என்று அவர் முடிவுகட்டவில்லை. விலை அதிகமானதுதான் உசத்தி என்று நம்பிவிடவும் இல்லை. 195 குழந்தைகளில் சிலருக்கு அதையும் சிலருக்கு இதையும் பொருத்தி, ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்தார். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை! 2005ல் அந்தக் கணக்கை உலகத்துக்கே வெளியிட்டார்.

தர்மம் கொடுக்கும்போது பர்ஸில் கிழிந்த நோட்டைத் தேடும் கையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கையும் மலிவானதைத்தான் கொடுக்கிறது. ஆனால், அது கடையில் செல்லுபடியாகுமா என்று அது யோசிப்பதில்லை. வார்ஃப் யோசித்தார். அவமானம் விலையில் இல்லை. வாங்குகிறவருக்குப் பயன்படுமா என்று பார்க்கக்கூட மெனக்கெடாத அலட்சியத்தில்தான் இருக்கிறது.

அடுத்து, குழாயே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்த்தார். எண்டோஸ்கோப்பை உள்ளே செலுத்தி, நீர் வெளியேற மூளைக்குள்ளேயே ஒரு மாற்றுவழி திறப்பது. இந்த முறை முன்பே இருந்தது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு 47 பேருக்குத்தான் பலித்தது. கூடவே, நீர் சுரக்கும் திசுவையும் கொஞ்சம் சுட்டுவிட்டார். பலன் 66 ஆக உயர்ந்தது. பலித்தால் குழாய் கிடையாது. குழாய் அடைக்குமோ என்று அம்மா ராத்திரியெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

ஆனாலும் ஒரு சந்தேகம். பணக்கார நாட்டுக்கு ஷன்ட், ஏழை நாட்டுக்கு இதுவா? அதையும் சோதித்தார்கள். உகாண்டாவில் 100 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2017ல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில், இரு தரப்புக்கும் இடையே மூளை வளர்ச்சியில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நூற்றில் 34 குழந்தைகளுக்கு அது பலிக்கவில்லையே! தொற்றால் ஏற்கெனவே சிதைந்த மூளையை எந்த அறுவையும் மீட்டுத் தராது. பிழைத்த குழந்தைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், சிலருக்கு வீல்சேர் வேண்டும். அந்தத் தொற்று வராமலேயே தடுப்பதுதான் எல்லாவற்றையும்விட மலிவான வைத்தியம். அதற்கு நன்கொடை திரட்டுவது கஷ்டம். வராத நோயை போட்டோ எடுக்க முடியாதே!

இப்போது தீர்ப்பு சொல்லுங்கள். சமம் என்பது ஒரே விலையா, ஒரே பலனா?

2006ல் வார்ஃப் அமெரிக்கா திரும்பினார். 2009ல் பாஸ்டனில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார். ம்பாலேயில் ஏழைக் குழந்தைகளுக்காக உருவான அதே சிகிச்சையை அங்கே அமெரிக்கக் குழந்தைகளுக்கும் செய்ய ஆரம்பித்தார்.

அடுத்த முறை யாருக்காவது எதையாவது கொடுக்கக் கை நீளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இதே பொருளை, இதே நிலைமையில், என் பிள்ளைக்குக் கொடுப்பேனா? 'கொடுப்பேன்' என்று தயங்காமல் சொல்ல முடிந்தால், விலை எதுவாக இருந்தாலும் கொடுங்கள்.