போய்ப் பார்ப்பது போதுமா?

இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகருக்குப் போகிறவர்கள் அந்த நகரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. இரண்டு நாட்களில் அதன் பேராலயத்தையும் சித்திரசாலைகளையும் கண்டு முடித்து, மூன்றாம் நாட் காலையில் பஸ் வண்டியிலோ புகையிரதத்திலோ ஏறி, சுற்றியுள்ள தொஸ்கானா மாநிலத்துக்குள் புறப்பட்டு விடுகிறார்கள். காலையில் சியெனா, நண்பகலில் சான் ஜிமிஞானோ, பிற்பகலில் பீசாவின் சாய்ந்த கோபுரம். இராப் போசனத்துக்கு மீண்டும் புளோரன்ஸ். ஒரே நாளில் மூன்று ஊர்கள்!

இதில் என்ன தவறு என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆண்டு முழுவதும் உழைத்து, கிடைத்த சில நாள் விடுமுறையில் புறப்படுகிற ஒருவன் ஒவ்வோர் ஊரிலும் ஒரு மாதம் தங்க முடியுமா? அழகான ஒன்றைக் கண்டு மகிழ்வது குற்றமாகுமா? ஆகாது. ஆயினும் இன்னொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஓர் ஊரைப் பார்க்கிறவன் அந்த ஊருக்கு ஏதேனும் கடன்படுகிறானா? நுழைவுக் கட்டணத்தைச் செலுத்தியதோடு கணக்குத் தீர்ந்து விடுகிறதா?

சான் ஜிமிஞானோவை எடுத்துக் கொள்வோம். அங்குள்ள செல்வக் குடும்பங்கள் ஒன்றை ஒன்று விஞ்ச வேண்டுமென்று மத்திய காலத்தில் எழுப்பிய கோபுரங்கள் எழுபதுக்கு மேற்பட்டவை என்பர். இன்று எஞ்சியிருப்பவை 14. 1348ஆம் ஆண்டின் கொள்ளை நோய் அவ்வூரை நலித்தது. 1353இல் அது புளோரன்சின் ஆட்சிக்குள் அடங்கியது. உரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரிகர் பாதையால் வளர்ந்த வணிகமும் குன்றியது. பழையதை இடித்துப் புதியதைக் கட்ட ஊரில் பணமில்லாமற் போயிற்று. அதனாலேயே இந்தக் கோபுரங்கள் தப்பின. ஆக, நாம் அழகென்று படம் பிடிப்பதில் ஒரு பாதி செல்வரின் செருக்கு. மறு பாதி ஓர் ஊரின் வறுமை.

சியெனாவிலும் அப்படியே. இருந்த பேராலயத்தைக் குறுக்குப் பகுதியாக மாத்திரம் வைத்துக் கொண்டு, அதனிலும் மிகப் பெரிய ஆலயமொன்றைக் கட்ட 1339இல் அந்நகரத்தார் தீர்மானித்தனர். ஒன்பது ஆண்டுகளுக்குள் அதே கொள்ளை நோய் வந்தது. மக்கள் கூட்டங் கூட்டமாக மடிந்தனர், வேலை கைவிடப்பட்டது. முடிவுறாத அந்த ஆலயத்தின் முகப்புச் சுவர் இன்றும் தனியே நிற்கிறது. அதன் உச்சியில் ஏறி நின்றால் ஊர் முழுவதும் தெரியும் என்பதற்காகப் பயணிகள் ஏறுகிறார்கள். தாங்கள் நிற்பது பெருந்துயரொன்றின் தோளில் என்பதை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

வந்து போகிறவனால் ஊருக்குச் சுமை உண்டு என்பதை வெனிஸ் நகரசபை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரில் 25ஆந் திகதி தொடங்கி, குறித்த சில நாட்களில், வந்த அன்றே திரும்பும் பயணிகளிடம் அது 5 யூரோ அறவிட்டது. இரவு தங்குவோருக்கு அந்தக் கட்டணம் இருக்கவில்லை. ஆனால் பணத்தால் தீர்க்கக் கூடிய கடன் சிறிய கடன். பெரிய கடன் எது என்பதை அறிய, புளோரன்சிலிருந்து இன்னொரு ஒருநாட் பயணம் போக வேண்டும்.

அந்நகருக்கு வடகிழக்கே, முகெல்லோப் பகுதியின் மலைச்சாரலில் இருப்பது பார்பியானா. அங்கே கோபுரமுமில்லை, புகழ்பெற்ற சித்திரமுமில்லை. ஒரு சிறு கோவில், குருமனை, சேமக்காலை, அவ்வளவே. 1923இல் புளோரன்சில் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்து, 1947இல் குருவான லொரென்சோ மிலானி 1954 டிசெம்பரில் அங்கு அனுப்பப்பட்டார். அவரை ஒதுக்கி வைக்கும் மாற்றமாகவே அது கருதப்பட்டது. அப்போது அங்கே மின்சாரமில்லை, ஒழுங்கான தெருவுமில்லை. மலையிற் சிதறி வாழ்ந்த ஏழைக் கமக்காரரே அவரது பங்கு மக்கள். அவர் அங்கே போய்ச் சேர்ந்ததும் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, அந்தச் சிறு சேமக்காலையில் தமக்கு ஒரு கல்லறை நிலம் வாங்கியதாகும். பிறர் மாலையில் திரும்பிவரப் பயணச்சீட்டு வாங்குவர். அவர் திரும்பி வராதிருக்க நிலம் வாங்கினார்.

சித்தியெய்தவில்லை என்று அரசாங்கப் பாடசாலைகள் தள்ளிவிட்ட பிள்ளைகளுக்கு அவர் குருமனையிலேயே பாடசாலை நடத்தினார். அங்கே ஞாயிறு லீவுமில்லை, கோடை விடுமுறையுமில்லை. ஏழைப் பிள்ளைகளே மீண்டும் மீண்டும் வடிகட்டப்படுவதைப் புள்ளிவிபரங்களுடன் காட்டி அப்பிள்ளைகள் சேர்ந்து எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ 1967 மே மாதத்தில் நூலாக வெளிவந்தது. மறு மாதம் 26ஆந் திகதி, தமது 44ஆவது வயதில் மிலானி காலமானார். பார்பியானாவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். ஐம்பது ஆண்டுகளின் பின், 2017 ஜூன் 20ஆந் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் அந்தக் கல்லறைக்கு வந்து செபித்தார்.

மிலானியின் காலத்திலும் பார்பியானாவைப் பார்க்கப் பலர் வந்தனர். கற்றவர்களும் பெயர்பெற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போக அவர் அவர்களை விடவில்லை. பிள்ளைகளின் நடுவே அமர்த்தினார். பிள்ளைகள் கேள்வி கேட்டனர். வந்தவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பார்க்க வந்தவரையே அங்கே பிள்ளைகள் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளையும் அவர் பிறநாடுகளுக்கு அனுப்பினார். வேடிக்கை பார்க்கவன்று, அங்கே வேலை செய்து அம்மக்களின் மொழியைக் கற்று வர.

அன்பான வாசகரே, எல்லாரும் மிலானியைப் போலத் தங்கிவிட முடியாது, தங்க வேண்டுமென்பதுமில்லை. நல்ல சமாரியனும் மறுநாள் தன் வழியே போனவன்தான். ஆனால், சத்திரக்காரனிடம் பணத்தைக் கொடுத்து, மேலுஞ் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று பொறுப்பேற்ற பின்பே போனான். அவனுக்கு முன் அவ்வழியே வந்த இருவரும் கண்ணில்லாதவர்களல்லர். அவர்களும் கண்டார்கள், கண்டும் விலகிப் போனார்கள். ஆகவே, எத்தனை நாள் தங்கினோம் என்பதன்று அளவு. கண்டது நம்மிடம் ஏதாவது கேட்டதா, கேட்டதற்குச் செவி கொடுத்தோமா என்பதே அளவு.

இந்தக் கோபுரத்தை எழுப்பியவன் யார்? கல் சுமந்தவன் யார்? இன்று இந்தத் தெருவில் குடியிருக்க வசதியில்லாமல் வெளியேறுகிறவன் யார்? இவற்றைக் கேட்க ஒரு பகற்பொழுது போதும். கேளாதவனுக்கு ஒரு மாதமும் போதாது. அடுத்த முறை ஓர் ஊரைப் பார்க்கப் புறப்படும்போது, அது தூரத்து நகரமாயினும் பக்கத்துக் கிராமமாயினும், நாம் அதைக் கேட்பது போல அதுவும் நம்மைக் கேட்க இடங் கொடுப்போமா? சிந்திப்போமாக.