குற்றமில்லாத மீன்

சிங்கமீன் ஒரு குற்றமும் செய்யவில்லை. கரீபியன் கடலின் பொனேர் தீவில் அதை ஈட்டியால் குத்திக் கொல்கிறவர்களில் நானும் ஒருத்தி. இந்த இரண்டில் எதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

நான் பிறந்தது வடலூருக்குப் பக்கத்தில், வள்ளலார் வழி நடக்கும் வீட்டில். எங்கள் அடுப்பில் புலால் ஏறியதில்லை. கடலுக்கடியில் ஆட்களைக் கூட்டிப்போகும் ஸ்கூபா வேலைக்கு நான் வந்ததையே அம்மா அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார். ஈட்டி விஷயம் தெரிந்ததும் போனில் ஒன்றுதான் கேட்டார்: "அந்த மீன் உன்னை என்னடி பண்ணுச்சு?"

என்னை ஒன்றும் பண்ணவில்லை. இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும்தான் அதன் தாய்வீடு. அட்லாண்டிக்கில் அதை முதலில் கண்டது 1985இல், புளோரிடாவின் டேனியா கடற்கரைக்கு அருகே. அழகுக்காகக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த யாரோ கடலில் விட்டிருக்க வேண்டும். 2009இல் பொனேருக்கு வந்துவிட்டது. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு இருபது லட்சம் முட்டைகள் வரை இடும். துடுப்புகளை விரித்து மெல்ல ஒதுக்கிக்கொண்டு வரும் இந்த வேட்டைக்காரனை இங்குள்ள குஞ்சுகளுக்கு அடையாளம் தெரியாது, ஓடுவதில்லை. பஹாமாஸில் சிறு பவளப்பாறைகளில் சோதித்தபோது, சிங்கமீன் இருந்த இடங்களில் ஐந்தே வாரத்தில் புதுக் குஞ்சுகளின் வரவு 79 சதவீதம் குறைந்தது.

கூட முழுகுகிறவர்கள் இதைக் களையெடுப்பு என்கிறார்கள். வள்ளுவரும் கொடியவரைக் கொல்வதைக் களையெடுப்போடு வைத்துப் பேசினார்தான். ஆனால் அவர் அதைச் சொன்னது செங்கோன்மை அதிகாரத்தில். அங்கே தண்டிக்கப்படுகிறவன் தெரிந்தே கொடுமை செய்தவன். மீன் பசித்தால் தின்கிறது. அதைக் கொல்வதைத் தண்டனை என்று சொல்லி என்னால் மனத்தை ஆற்றிக்கொள்ள முடியாது.

அப்படியானால் ஏன் கொல்கிறேன்? கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என் கையில் ரத்தம் படாது, அவ்வளவுதான். மனிதன் கொண்டுவந்து விட்ட மீனின் வாயில் பாறையின் குஞ்சுகள் போய்க்கொண்டே இருக்கும். வள்ளலார் கொல்லாமையோடு நிற்கவில்லை. 1867இல் வடலூரில் தருமச்சாலை திறந்து, பிறர் பசியைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். அவர் என் ஈட்டியை ஒப்புவார் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். பொறுப்பு என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். அதோடு வரும் பாவத்தை யார் மேலும் இறக்கி வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

சிங்கமீன் வேட்டையைப் பரிசுப் போட்டியாக நடத்தும் இடங்கள் உண்டு. அதில் பிடிபடும் மீன்களால் பாறைக்கு நன்மைதான். ஆனாலும் செத்த மீன்களைக் குவித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்வதை என்னால் பார்க்க முடிவதில்லை. அங்கே மீன் வில்லனாகிவிடுகிறது, நாம் நல்லவர்களாகிவிடுகிறோம்.

உண்மையில் நாம் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. ஜமைக்காவைப் பாருங்கள். 1970களின் இறுதியில் பாறைகளில் பாதிக்கு மேல் உயிருள்ள பவளம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஐந்து சதவீதம்கூட இல்லை. அப்போது அங்கே சிங்கமீனே கிடையாது. 1980இல் பெரும்புயல் அடித்தது. 1983இல் பாசி மேயும் கடல்முள்ளெலிகள் நோயில் மடிந்தன. அதே பாசியை மேயும் கிளிமீன்களை மனிதர்கள் அதற்கு முன்பே வாரியிருந்தார்கள். பாசி பவளத்தை மூடிவிட்டது. களவா மீனின் கதையும் இதுதான். நாசாவ் களவா குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி ஒரே இடத்தில் கூடி முட்டையிடும். அந்த இடம் தெரிந்தவர்கள் கூட்டத்தோடு அள்ளினார்கள். சிங்கமீனைத் தின்னக்கூடிய சில வாய்களில் அதுவும் ஒன்று. பகலில் சிங்கமீனைக் குத்திவிட்டு ராத்திரி ஓட்டலில் களவா கேட்கிறவரோடு எனக்கு ஒட்டவில்லை.

எனக்கு ஆறுதல் தருவது ஒன்றுண்டு. எல்லாச் சிங்கமீன்களையும் கொன்றுதீர்க்க வேண்டியதில்லை. அது முடியவும் முடியாது. நாங்கள் போகும் நாற்பது மீட்டருக்கு வெகு கீழே, முந்நூறு மீட்டர் ஆழத்திலும் அது வாழ்கிறது. ஓர் அளவுக்குக் கீழே அதன் எண்ணிக்கையை வைத்திருந்த பாறைகளில் உள்ளூர்ச் சிறுமீன்களின் மொத்த எடை 50 முதல் 70 சதவீதம் கூடியதாக 2014இல் வந்த பஹாமாஸ் ஆய்வு சொல்கிறது. கொலைக்கு ஓர் எல்லை போட முடியும் என்பது எனக்குப் பெரிய விஷயம். அந்த எல்லைக்குமேல் ஒரு மீனைக்கூடக் குத்தக் கூடாது. குத்தியதைத் துடிக்க விடாமல் உடனே முடித்துவிட வேண்டும். கிளிமீனைப் பிடிக்க பொனேர் 2010இல் போட்ட தடை போல மற்றத் தீவுகளிலும் வர வேண்டும், களவாவுக்கும் சேர்த்து. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கொல்வதைச் சரி என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லும்படி நானும் கேட்கவில்லை.